திறப்பு விழாவுக்கு வந்தவர்கள்

மாமனிதர்களின் பெயரை வரலாறு கல்லில் பொறிக்கிறது. காலம் அந்தக் கல்லின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறது. வலங்கைமான் பக்கத்தில் கல் செதுக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஃபிளெக்ஸில் அடித்துவிடுவோம். விழா முடிந்த மறுநாள் யாராவது அதைக் கழற்றிக்கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் குவித்துவைத்த நெல்லின்மேல் போர்த்துவார்கள். மழை பெய்தால் மாமனிதர் நனைவார், நெல் நனையாது. அந்த வகையில் பார்த்தால் கல்லைவிட ஃபிளெக்ஸால்தான் நாட்டுக்கு நன்மை.

கோரைக்குடி அறிவுச்செல்வனுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. கட்சியில் அவர் ஒன்றியத் துணைச் செயலாளர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எந்தப் பேனராக இருந்தாலும் ஒரு மூலையில் கைகூப்பியபடி நிற்பார். அவருடைய அப்பா ஊரார் வயலில் கருக்கரிவாளோடு குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர். மகனோ அறுப்பு மெஷினுக்கு பெல்ட்டும் பிளேடும் விற்க வலங்கைமான் கடைத்தெருவில் இடம் பிடித்து, மகள் பெயரையே வைத்து, ‘செம்மொழி அக்ரோ ஸ்பேர்ஸ்’ என்று போர்டு மாட்டினார். பெருமைப்படவேண்டிய விஷயம்தான். பெருமைப்படுவதில் அவரும் குறைவைக்கவில்லை.

திறப்பு விழா தை மாதத்தில், சம்பா அறுப்பு மும்முரமாக இருந்தபோது. நாள் நட்சத்திரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை, மேடையிலேயே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ராகுகாலம் தொடங்குமுன் ரிப்பனை வெட்டிவிடவேண்டும் என்று முடிவுசெய்தார், பொதுமக்களின் வசதியை முன்னிட்டு. கடையைவிட அகலமாகப் பேனர் வைத்தார். மேலே வட்டங்களுக்குள் தலைவர்கள். நடுவே தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஒரு பட்டாளம். வலது ஓரத்தில் ஆளுயரத்துக்கு, கருகருவென்ற மீசையும் சஃபாரி சூட்டுமாக ஒருவர். அவர் காலடியில் எழுத்து: ‘கடையைத் திறந்து வைப்பவர்: கோரைக்குடியின் வேங்கை, எங்கள் குலவிளக்கு, அண்ணன் இராஜாங்கம் அவர்கள்.’

விழா நேரத்தில் வேங்கை கோரைக்குடியில், கொல்லைப்புறத்தில், பெண்டாட்டியின் பாவாடையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வனின் கூடப்பிறந்த அண்ணனான இராஜாங்கம் ஆயுள் தண்டனைக் கைதி. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வறட்சி வருஷத்தில், மதகுப் பலகையை யார் முதலில் தூக்குவது என்று பின்வீட்டுச் செந்தில்குமாரோடு வாய்த்தகராறு வந்தது. கையில் மண்வெட்டி இருந்ததால் அது வாயோடு நிற்கவில்லை. செந்தில்குமாருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இராஜாங்கம் தானே நடந்துபோய் ஸ்டேஷனில் மண்வெட்டியை வைத்தார். அன்று போனவர், பதினாறு வருஷமாகத் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறார். மகள் சுடர்விழியின் கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பன் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டார் நயமாகக் கேட்டார்கள். அச்சகத்தில் நின்று அந்த வரியை எடுக்கச் சொன்னவர் அறிவுச்செல்வன்தான். பேனரில் அண்ணனை ஏன் போட்டாய் என்று கேட்டால், கடைக்கு ஒரு கெத்து என்பார். அது பொய்யில்லை. அன்று எடுத்த வரியை எங்கேயாவது பெரிதாகப் போட்டுவிடவேண்டும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை பரோல் கிடைத்தது மனைவி பொன்னுத்தாயின் ஆபரேஷனுக்காக. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் கர்ப்பப்பையை எடுத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று மனுப்போட்டு, ஒரு மாதம் விடுப்பு கிடைத்தது. நிபந்தனைகளும் கூடவே வந்தன. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக்கூடாது. பொது நிகழ்ச்சி எதிலும் கலந்துகொள்ளக்கூடாது. மீறினால் பரோல் ரத்து. ரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. நெடுங்காலம் உள்ளே இருந்தவர்களை முன்விடுதலை செய்யும் பரிசீலனையில் இராஜாங்கத்தின் பெயர் மேலே போயிருந்தது. பரோலை ஒழுங்காக முடித்துத் திரும்பினால் சில மாதங்களில் ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடலாம். நிபந்தனையை மீறினார் என்று ஒரு வரி ஏறிவிட்டால் அந்தக் கதவு அடைந்துவிடும்.

வலங்கைமான் வேறு ஸ்டேஷன் மட்டுமல்ல, வேறு மாவட்டம். தம்பி விழாவுக்குக் கூப்பிட்டபோது இராஜாங்கம் தெளிவாகவே சொன்னார்.

“நான் வரமாட்டேன் அறிவு. பேரும் போடாத. எனக்கு அதெல்லாம் வேணாம்.”

வரமாட்டேன் என்றதை அறிவுச்செல்வன் ஏற்றுக்கொண்டார். பெயர் போடுவதற்கும் வருவதற்கும் என்ன சம்பந்தம்? பேனரில் இருப்பவர்கள் எல்லாரும் வந்தால்தான் விழா என்று வைத்துக்கொண்டால் இந்த ஜில்லாவில் ஒரு விழாவும் நடந்திருக்காது.

இராஜாங்கம் காலையில் கையெழுத்துப் போடப் போவதே வரப்பு வழியாகத்தான். பின்தெரு வழியாகப் போனால் பாதி தூரம். ஆனால் பின்தெருவில் செந்தில்குமார் வீடு இருந்தது, செந்தில்குமாரின் தாயார் இருந்தார். போலீஸ் போட்ட நிபந்தனைகளோடு இது அவராகவே போட்டுக்கொண்டது. கொல்லையில் மட்டும் தப்பமுடியவில்லை. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவர் இந்தப் பக்கம் துணி உலர்த்துவார். அந்த அம்மாள் அந்தப் பக்கம் வறட்டி தட்டுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பேசியதில்லை.

விழா நாளன்று விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் கட்சியின் மூத்தவர் ஒருவர் காலமானார். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் மாலைகளோடு கிழக்கே போய்விட்டன. வலங்கைமானில் ஷாமியானாவின் கீழே வாடகை நாற்காலிகள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ராகுகாலம் நெருங்கிற்று. அறிவுச்செல்வன் தன் கடையின் ரிப்பனைத் தானே வெட்டினார். புதுக் கத்தரிக்கோல், சரியாக வெட்டவில்லை. கடைசி இழையைப் பல்லால் கடித்து எடுத்தார்.

மறுநாள் காலை நாளிதழில் வேறொரு விழா நடந்திருந்தது. திரளான விவசாயிகளும் பொதுமக்களும் கட்சி நிர்வாகிகளும் கலந்துகொண்ட அந்த விழாவில், இராஜாங்கம் பலத்த கரவொலிக்கிடையே ரிப்பனை வெட்டிக் கடையைத் திறந்து வைத்து, முதல் விற்பனையையும் தொடங்கி வைத்தார். எழுச்சி உரையும் ஆற்றினார் என்றிருந்தது. இது நிருபரின் கைவரிசை அல்ல. உள்ளூர்ப் பக்கத்தைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள் என்பதால் செய்தியை முந்தின நாளே எழுதிப் படத்தோடு கொடுத்துவிடுவது கட்சிக்காரர்களின் வழக்கம். நடந்த பிறகு எழுதுகிறவனுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது. அறிவுச்செல்வன் முந்தின நாள் சாயங்காலம், கடைக்குப் பக்கத்து ஹஸ்ஸான் பாய் டீக்கடையில் உட்கார்ந்து, நடந்து முடிந்த விழாவை நிதானமாக எழுதினார். கரவொலியை ‘பலத்த’ என்று போடுவதா ‘விண்ணதிரும்’ என்று போடுவதா என்று ஹஸ்ஸான் பாயிடம் கருத்துக்கூடக் கேட்டார். அடக்கம் கருதி ‘பலத்த’ என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தச் செய்தியை வலங்கைமானில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நன்னடத்தை அலுவலர் படித்தார். வண்டியெடுத்து வந்து பேனரையும் போட்டோ பிடித்தார்.

இரண்டு போலீஸ்காரர்கள் கோரைக்குடிக்கு வந்தபோது இராஜாங்கம் பொன்னுத்தாய்க்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பரோலை ரத்துசெய்து சிறைக் கண்காணிப்பாளர் உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. டம்ளரைப் பொன்னுத்தாயின் கையில் கொடுத்து, சூடு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொடியில் துணி இருந்தது. அதை எடுக்கக் குனியவேண்டியதில்லை, எட்டினால் போதும் என்று மட்டும் சொன்னார். பொன்னுத்தாய் தையலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அதற்குமேல் வரமுடியவில்லை.

அறிவுச்செல்வன் அன்று பகல் முழுக்கப் போனில் இருந்தார். மேலிடத்தில் பேசிவிட்டேன், சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டில் இருப்பார் என்று தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார். மேலிடம் போனை எடுக்கவில்லை. பேனரில் முன்னிலை வகித்த ஒருவர் மட்டும் எடுத்து, கைதியோடு தன் படத்தைச் சேர்த்துப் போட்டதற்குத் திட்டிவிட்டு வைத்தார். சாயங்காலம் வந்தது; அண்ணன் வரவில்லை. அறிவுச்செல்வன் பேனரைக் கழற்றிச் சுருட்டிக் கடைக்குள் வைத்தார். முதல் முறையாக அவர் பேனரை அவரே கழற்றினார்.

வழி சொன்னது ஹஸ்ஸான் பாய்தான். அவருடைய அண்ணன் மகள் நஃபீசா மதுரையில் வக்கீல். ராஜகிரியிலிருந்து போய் உயர் நீதிமன்றக் கிளையில் சிறை வழக்குகளாகவே நடத்துகிற பெண். ஒத்தக்கடையில் ஒரு மாடி அறை. அறிவுச்செல்வன் கட்சிக்கரை வேட்டியோடு போய், சட்டத்தின் ஆட்சி எப்படிச் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். நஃபீசா அவர் மூச்சுவாங்கும் இடம் பார்த்துக் கேஸுக்கு வந்தாள். விளக்கம் கேட்காமல் பரோலை ரத்துசெய்தது தப்பு, அதை வைத்து ஜெயிக்கலாம். ஆனால் அப்படி ஜெயித்தால், விளக்கம் கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுங்கள் என்று கோர்ட்டு அனுப்பிவிடும். அவர்கள் ஒரு நோட்டீஸ் கொடுத்து, இதே பேப்பர் செய்தியைக் கோத்து, மறுபடியும் ரத்துசெய்வார்கள். அதற்குள் முன்விடுதலைப் பரிசீலனை முடிந்துவிடும். ஆகவே அந்தச் செய்தியே பொய் என்று நிற்கவேண்டும். இராஜாங்கம் அன்று வலங்கைமானில் இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

காலையில் போட்ட கையெழுத்து போதாதா என்று கேட்டார் அறிவுச்செல்வன். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினால் விழாவுக்கு வந்துவிடலாமே என்று அரசு வக்கீல் சொல்வார். பொன்னுத்தாய் சொன்னால்? பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்பார்கள்.

அறிவுச்செல்வன் ஊருக்குத் திரும்பி அண்ணியிடம் போனார். ஒரு யோசனை வந்திருந்தது அவருக்கு. அன்று அண்ணன் கொல்லையில் நின்றதைப் பார்த்த ஒரே வெளியாள் வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மாள்தான். செத்தவனின் தாயே வந்து சொன்னால் எந்தக் கோர்ட்டும் நம்பும். தன் கட்சித் தலைவரே கண்ணீர் விடுவார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பொன்னுத்தாய் படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா புள்ளையயும் எடுத்தாச்சு. இப்ப போயி சாட்சியும் கேக்கணுமா? ஒங்களுக்கு எப்புடி தம்பி வாய் வருது?”

அறிவுச்செல்வன் வேட்டிக் கரையைச் சரிசெய்துகொண்டார்.

“ஒங்கண்ணன் வரலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. நீங்கதான வச்சீங்க பேனர? நீங்க போயி சொல்லுங்க.”

அதைத்தான் நஃபீசாவும் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவர்தான் மதுரையிலிருந்து ஊர் வரும்வரை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்திருந்தார். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. ஒன்றியக் கவுன்சிலர் சீட்டுக்குக் கட்சியில் நாலைந்து பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கூட்டம் கூட்டத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் இவர். தன் கடைத் திறப்புக்கே ஆள் வரவில்லை என்று சத்தியப் பிரமாணம் செய்து உயர் நீதிமன்றத்தில் கொடுத்தால், அது மறுநாளே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடும். தலைமை வகித்ததாகப் போட்டவர் வரவில்லை என்று எழுதினால் அவரும் பகை. அன்றிரவு சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியிடம் கோபித்துக்கொண்டார். உப்பு இருந்தது.

மறுநாள் திருச்சிக்குப் போய் அண்ணனைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதருக்குத் தலையில் முடி கொட்டி, மீசை வெளுத்து, தோள் ஒடுங்கியிருந்தது. பேனரில் போட்டது பதினாறு வருஷத்துக்கு முந்தின படம், அதுவும் தலை மட்டும். சஃபாரி சூட் டிசைனர் பையனின் கைங்கரியம். இராஜாங்கம் தம்பியைத் திட்டவில்லை. பொன்னுத்தாய்க்குத் தையல் பிரித்தாயிற்றா என்று கேட்டார். யார் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்றார் தம்பி. நேரம் முடிந்து காவலர் கூப்பிட்டபோதுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

“பேனர்ல எம்பேரு எந்தப் பக்கம்டா போட்ட?”

“வலது பக்கம்ணே. பெருசா.”

இராஜாங்கம் தலையை ஆட்டினார். அதில் சந்தோஷமா வருத்தமா என்று அறிவுச்செல்வனுக்குப் பிடிபடவில்லை. திருச்சியிலிருந்து நேராக மதுரை பஸ் ஏறினார்.

பிரமாண வாக்குமூலம் எழுத ஒரு பகல் ஆயிற்று. அதில் பாதி நேரம் பேரம். செய்தியை முந்தின நாளே நான் எழுதிக்கொடுத்தேன் என்ற வரியை ஒப்புக்கொண்டார். என் அண்ணன் வரவில்லை என்பதற்குத் தயங்கவே இல்லை. எழுச்சி உரை எதுவும் நடைபெறவில்லை என்பதையும் விழுங்கிக்கொண்டார். ‘திரளான பொதுமக்கள்’ வந்த இடத்தில் வண்டி நின்றது.

“எதிர்பார்த்த அளவு கூட்டம் இல்லைன்னு போடலாமாம்மா?”

“கோர்ட்டு உங்க எதிர்பார்ப்ப கேக்கலண்ணே. வந்தவங்கள கேக்குது.”

தவிர்க்கமுடியாத துக்க நிகழ்ச்சியின் காரணமாக என்று சேர்க்கச் சொன்னார், சேர்த்தாள். ஆயினும் பொதுமக்களின் ஆதரவு அலை என்று ஒன்று சொன்னார். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டாள். கடைசியில், பேனரில் கண்ட எவரும் வரவில்லை, ‘ஒரு சிலர்’ மட்டுமே வந்திருந்தனர் என்று முடிந்தது. எத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டால் நல்லது என்றாள் நஃபீசா. ஒரு சிலரே போதும் என்று அவர் உறுதியாக நின்றார். அந்த ஒரு சொல்லையாவது காப்பாற்றிக்கொண்ட திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

மாசி மாதம் வழக்கு வந்தது. அறிவுச்செல்வன் கரை இல்லாத வேட்டி கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். கோர்ட்டில் யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை, சால்வையும் இல்லை. அரசு வக்கீல் எழுந்து, நாளிதழ் செய்தியையும் பேனரின் போட்டோவையும் மேலே கொடுத்தார். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்றார். ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்று எழுதப்பட்டது என்று நஃபீசா சொன்னாள். பொதுவாழ்வில் பொறுப்பில் இருக்கும் ஒருவர், தன் கட்சியின் மேல்மட்டத் தலைவர்கள் பெயரையெல்லாம் போட்டுவிட்டு அது வெறும் அலங்காரம் என்று இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று அரசு வக்கீல் கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது. அந்த ஜில்லாவுக்கு அவர் புதிது.

நஃபீசா சிறையில் எடுத்த இராஜாங்கத்தின் படத்தைக் கொடுத்தாள். நீதிபதி அதையும் பேனர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாக்குமூலம் கொடுத்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அறிவுச்செல்வன் முன்னால் போனார். ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்தவர் என்று சொல்லிக்கொள்பவர். அங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டி, முன்னால் கட்டி, கடைசியில் பேனரில் இருப்பதுபோலவே கூப்பிக்கொண்டார்.

நீதிபதி தமிழிலேயே கேட்டார்.

“பேனர்ல போட்டிருக்கிறவங்கள்ல யார் யார் வந்தாங்க?”

“யாரும் வரலைங்க ஐயா.”

“உங்க அண்ணன்?”

“வரமாட்டேன், பேரு போடாதன்னு முன்னாடியே சொல்லிட்டாருங்க. நான்தான் போட்டேன்.”

“ஏன் போட்டீங்க?”

கடைக்கு விளம்பரம் என்ற பதில் தயாராக இருந்தது. வாய்வரை வந்தது. சுடர்விழி கல்யாணப் பத்திரிகையும் அச்சகத்தில் எடுக்கச் சொன்ன வரியும் அதற்குப் பின்னாலேயே வந்து நின்றன. இரண்டையும் அவர் சொல்லவில்லை.

“பதினாறு வருஷமா எதுலயும் அவரு பேரு போடலைங்க ஐயா.”

நஃபீசா காகிதத்தைப் பார்த்தபடி இருந்தாள். நீதிபதி வாக்குமூலத்தை மறுபடி புரட்டினார்.

“ஒரு சிலர்னு எழுதியிருக்கீங்க. பேப்பர்ல திரளான பொதுமக்கள். ஒரு சிலர்னா எத்தனை பேர்?”

அறிவுச்செல்வன் கூரையைப் பார்த்தார். தன் கட்சிக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தண்ணீர் யார் தூக்குகிறார்கள் என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

“நாலு பேருங்க.”

பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். அரசு வக்கீல்கூடச் சிரித்துவிட்டு, பிறகு ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. அவருடைய சொந்த ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவர் பெயரைப் போட்டுப் பேனர் வைத்தார்கள் என்றும், அப்படி ஒரு விழா நடந்ததே அவருக்குத் தெரியாது என்றும் நஃபீசா பிறகு சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கும் தெரியாது.

உத்தரவு அந்த வாரமே வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைக் கல்லூரியில் படிக்கும் செம்மொழி அப்பாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். பரோலை ரத்துசெய்தது செல்லாது. பாக்கி நாட்களை இராஜாங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நிபந்தனையை மீறியதாக எங்கேயும் குறிப்பு இருக்கக்கூடாது. முன்விடுதலைப் பரிசீலனையில் இதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அந்த இடத்தில் செம்மொழி நிறுத்தினாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே படி என்றார். மேலே இருந்தது இது: துணைச் செயலாளர் அறிவுச்செல்வன் என்பவரின் கடைத் திறப்பு விழாவுக்குப் பேனரில் கண்ட எவரும் வரவில்லை என்பதையும், மொத்தம் நான்கு நபர்களே வந்தனர் என்பதையும் இந்த நீதிமன்றம் ஏற்கிறது. கல்லுக்கு அடுத்தபடி அழியாத இடம் என்றால் அதுதான். அவர் பெயர் அங்கே ஏறியது இப்படித்தான்.

வாட்ஸ்அப்பில் அவர் எதிர்பார்த்தபடியே ஓடியது. ‘நாலு பேர்’ என்று கட்சியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் சீட்டு வேறொருவருக்கு என்று பேச்சு அடிபட்டது. அவர் ஒரு குரூப்பிலிருந்து வெளியேறினார். மறுநாள் தானாகவே மறுபடி சேர்ந்துகொண்டார்.

திருச்சி சிறைவாசலுக்கு அண்ணனைக் கூட்டிவரப் போனபோது பையில் ஒரு பொன்னாடை வைத்திருந்தார். கதவு திறந்து, துணிப்பையோடு அந்த ஒடுங்கின மனிதர் வெளியே வந்ததைப் பார்த்ததும் பையின் ஜிப்பை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இராஜாங்கம் முதலில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் இருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். அந்த அம்மாள் வறட்டிக் கூடையோடு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பொன்னுத்தாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தரையில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். கோர்ட்டில் நடந்ததை அறிவுச்செல்வன் சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னார். இரண்டாம் தடவை சொன்னபோது அதில் தன் குரல் கொஞ்சம் கணீரென்று இருந்ததாகப் பட்டது. பொன்னுத்தாய்க்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் இழுக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

இராஜாங்கம் கடைசியில் கேட்டார்.

“யாருடா அந்த நாலு பேரு?”

“என் சம்சாரம். செம்மொழி. அப்பறம் டீக்கடை ஹஸ்ஸான் பாய்.”

“மூணாச்சு.”

அறிவுச்செல்வன் கஞ்சி டம்ளரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

நாலாவது ஆள், நீடாமங்கலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க வந்தவர்.